சுபாக்கி எண்ணெய்: ஒரு பூச்செடியின் பழந்தொழில்

இன்று பல நாடுகளின் பூங்காக்களில் அழகுக்காகவே வளர்க்கப்படும் கமேலியா, தேயிலையின் பேரினத்தைச் சேர்ந்த செடி. ஆயினும், அதைச் ‘சுபாக்கி’ என வழங்கும் ஜப்பானில், மலரைப் போலவே விதையும் பழங்காலந்தொட்டு மதிக்கப்பட்டது. கி.பி. 777இல் நாடு திரும்பவிருந்த பொஹாய் அரசின் தூதருக்கு ஜப்பானிய அரசவை அவ்விதையின் எண்ணெயைப் பரிசளித்ததை ‘ஷோகு நிஹோங்கி’ என்னும் அரச வரலாறு பதிவு செய்கிறது. பொன், பாதரசம் முதலியவற்றின் வரிசையில் ஒரு கலம் எண்ணெய் இடம்பெற்றதே அதன் அருமையை உணர்த்தப் போதுமானது.

பிற்காலத்தில் இசு ஓஷிமா தீவிலும் நாகசாகியை அடுத்த கோத்தோ தீவுகளிலும் நிலைபெற்ற இத்தொழிலில், இலையுதிர்காலத்தில் திரட்டிய விதைகளை உலர்த்தி, இடித்து, ஆவியில் வேகவைத்துப் பிழிந்தனர். அவ்வெண்ணெய் கூந்தலுக்கும் சமையலுக்கும் விளக்குக்கும் ஒருங்கே உதவியதற்கான காரணத்தைப் பிற்கால வேதியியல் விளக்கிற்று: அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடோ அதற்கு மேலோ ஒலியிக் அமிலமாகும்; ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புக் கொண்ட இந்த அமிலமே ஆலிவ் எண்ணெயிலும் முதன்மையானது. காற்றுப்பட்டு எளிதில் கெடும் லினோலெயிக் அமிலம் குறைவாதலால், எண்ணெய் விரைவில் காறுவதில்லை; உலர்ந்து பிசுபிசுப்பதுமில்லை என்பதால், தச்சர்கள் உளிகளின் துருவைத் தடுக்கவும் அதைப் பூசினர்.

பிண்ணாக்கின் கதை வேறு. இலுப்பைப் பிண்ணாக்கைப் போல நீரில் நுரைக்கும் சப்போனின் என்னும் பொருள் அதில் மிகுந்திருப்பதால், அது அழுக்கு நீக்கவும், மீன்களுக்கு நஞ்சாகவும் பயன்பட்டது.