ஆயிரம் மணிநேரக் கடன்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மினரல் வெல்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நோய் தீர்க்கும் நீர் என்று சொல்லிக் கிணற்று நீரை விற்றுப் பெயர் பெற்ற ஊர். 1960களில் அங்கிருந்த ஹாலிடே இன் விடுதியின் நீச்சல் குளத்துக்குள் இளைஞர்களைச் சீருடையோடு தூக்கி எறிவது வழக்கமாயிற்று. தண்டனை அல்ல, கொண்டாட்டம்தான். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் முதன்முறையாகத் தனியே ஹெலிகாப்டரை எழுப்பி, பத்திரமாக இறக்கியவனுக்குக் கிடைத்த மரியாதை அது. (ஈழத்தவர் 'உலங்கு வானூர்தி' என்பார்கள். அழகான சொல். ஆயினும் கை பழகிய சொல்லையே நான் எழுதிச் செல்கிறேன்.)

ஊருக்கு அருகிலிருந்த வோல்டர்ஸ் கோட்டையில் 1956இல் தொடங்கி 1973 வரை நடந்த அமெரிக்கத் தரைப்படையின் ஆரம்பப் பயிற்சிப் பள்ளி, ஏறத்தாழ 40,000 ஹெலிகாப்டர் விமானிகளை உருவாக்கியது. சுற்றியிருந்த பயிற்சித் திடல்கள் பலவற்றுக்கு டா நாங், ஹுவே, மை தோ, சோக் ட்ராங் என்று பெயர் வைத்திருந்தார்கள். டெக்சாஸின் மேய்ச்சல் நிலத்தில் இறங்கிப் பழகும் பையன், தான் எந்த ஊர்களுக்குப் போகப்போகிறான் என்பதை அந்தப் பெயர்ப்பலகைகளிலேயே படித்துவிடலாம். சேர்வதற்குப் பள்ளியிறுதிப் படிப்பே போதும், பட்டம் தேவையில்லை. வியட்நாமில் ஏறத்தாழ 12,000 அமெரிக்க ஹெலிகாப்டர்கள் பறந்தன. அவற்றில் 5,000 அழிந்தன. சுமார் 2,200 விமானிகள் இறந்தார்கள். ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பதற்கு அன்று பணமாகக் கட்டணம் எதுவும் இல்லை என்று சொல்லும்போது இந்த எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இக்கலையைக் கற்பிப்பது ஏன் இவ்வளவு செலவு பிடிக்கும் காரியம் என்பதைச் சற்று விளக்கலாம். இடக்கையில் உள்ள நெம்புகோல் இயந்திரத்தை மேலும் கீழும் கொண்டுசெல்லும். வலக்கையில் உள்ள தண்டு அது எந்தத் திசையில் சாய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இரு கால்களும் வால் விசிறியை ஆள்கின்றன. சிக்கல் என்னவென்றால், இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் திருத்தியாக வேண்டும். ஓரிடத்தில் அசையாமல் அந்தரத்தில் நிற்பதற்கு மூன்றும் இடைவிடாமல் நுணுக்கமாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். புத்தகம் இதைக் கற்றுத்தராது. சைக்கிள் பழகுவதுபோல, ஒருநாள் உடம்புக்குத் தானாகவே பிடிபடும். அந்த நாள் வரும்வரை ஒவ்வொரு மணிக்கும் சில நூறு டாலர் கரைந்துகொண்டிருக்கும்.

போர் முடிந்தபின் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் இச்செலவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றவும், காட்டுத்தீ அணைக்கவும், நோயாளிகளைத் தூக்கிச் செல்லவும் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கான மணிநேர அனுபவத்தோடு காத்திருந்தார்கள். அவர்களுக்கு நரை விழத் தொடங்கியபோதுதான், அடுத்தவனுக்குப் பயிற்சி கொடுக்கும் செலவு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. இராணுவம் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தது. நிறுவனங்களோ அனுபவசாலிகளையே கேட்டன.

இந்த இடைவெளியில்தான் பல்கலைக்கழகங்கள் வருகின்றன. வட டக்கோட்டா பல்கலைக்கழகத்தில் 1968இல் ஜான் ஒடிகார்ட் தொடங்கிய விமானத்துறை இவ்வகையில் முன்னோடி. ஹெலிகாப்டரும் பின்னர் அங்கே பாடமாயிற்று. வேறு பல கல்லூரிகளின் ஏற்பாடு எளிமையானது. வகுப்பறையும் பட்டமும் கல்லூரியுடையவை. ஹெலிகாப்டரும் ஆசிரியரும் ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் நிறுவனத்துடையவை. மாணவன் கல்லூரிக்குக் கட்டுகிறான், கல்லூரி நிறுவனத்துக்குக் கொடுக்கிறது.

பயிற்சிக்கு மிகுதியாகப் பயன்பட்டது ஃபிராங்க் ராபின்சன் வடிவமைத்து 1979இல் சான்று பெற்ற ஆர்22. தனியார் சொந்தமாக வைத்து ஓட்டுவதற்கென்று அவர் எண்ணிச் செய்த இருவர் வண்டி. விலை குறைவு என்பதால் பயிற்சிப் பள்ளிகள் அதை அள்ளிக்கொண்டன. ஆனால் அதன் சுழலிகள் மிக இலேசானவை. எஞ்சின் நின்றால் இடக்கை நெம்புகோலை ஓரிரு விநாடிக்குள் இறக்கிவிட வேண்டும். தாமதித்தால் சுழற்சி மீளாது. விபத்துகள் தொடரவே, 1995இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அந்த வண்டிக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. அதில் கற்பவன் தனியே பறக்குமுன் ஆசிரியரோடு 20 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். கற்பிப்பவருக்கு ஹெலிகாப்டரில் 200 மணிநேரமாவது அனுபவம் வேண்டும்.

இந்த 200 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வணிக உரிமத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது 150 மணிநேரம். பட்டத்தோடும் உரிமங்களோடும் வெளியே வரும் மாணவனிடம் ஏறத்தாழ 200 மணிநேரம் இருக்கும். ஆனால் சுற்றுலா நிறுவனமோ எண்ணெய் நிறுவனமோ அவனை ஏறெடுத்துப் பார்க்க ஆயிரம் மணியாவது வேண்டும். இறக்கை விமானத்துக்குப் படித்தவனுக்கு ஒரு சலுகை உண்டு. 2013 விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பட்டம் இருந்தால் விமானப் போக்குவரத்து நிறுவனத்தில் சேர 1,500க்குப் பதில் 1,000 மணி போதும். ஹெலிகாப்டர்காரனின் பட்டத்துக்கு அப்படிக் கழிவு ஏதும் இல்லை. அவனுக்கு மிஞ்சும் வழி ஒன்றுதான்: தான் படித்த இடத்திலேயே ஆசிரியனாவது.

எனில், முதலில் படிக்க வருபவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 2008இல் இயற்றப்பட்ட புதிய படைவீரர் கல்விச் சட்டம் விடை தந்தது. தனியான பறக்கும் பள்ளிகளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் வரம்பு இருந்தது. ஆனால் 2011இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அரசுக் கல்லூரிகளின் கட்டணத்துக்கு வரம்பே இல்லை. பறப்பதும் பட்டப்படிப்பின் பகுதி என்று எழுதிவிட்டால் போதும். ஒரே மாணவனுக்காக அரசு 2 லட்சம் டாலருக்கு மேல் செலுத்திய நிகழ்வுகளை 2015இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. ஒரு படிப்பில் 85 விழுக்காட்டுக்கு மேல் அரசுப் பணத்தில் படிப்பவர்களாக இருக்கக் கூடாது என்ற பழைய விதி அதன்பின் கண்டிப்பாகப் பார்க்கப்பட்டது. கொரியப் போர்க்காலத்துச் சட்டத்தில் வேர் கொண்ட விதி அது. அதற்கும் முன்பே, இரண்டாம் உலகப்போர் வீரர்கள் அரசுப் பணத்தில் பொழுதுபோக்காகப் பறக்கிறார்கள் என்று 1948இல் நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதித்திருந்தது. அதே வழக்கு, அதே வாதிகள்.

படிக்க வந்த வீரர்களை இதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாக்தாதில் பிறர் ஓட்டிய ஹெலிகாப்டரில் அமர்ந்து சென்றவன், ஊர் திரும்பி அதை ஓட்டக் கற்க விரும்பியது பேராசை ஆகாது. ஆயிரமாவது மணி அவனிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சேர்க்கைப் படிவத்தில் யாராவது பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம்.

எஞ்சிய 800 மணிநேரத்தையும் அவன் பயிற்சி இருக்கையிலேயே சேர்த்தாக வேண்டும். விதி கேட்கும் 200 மணியை நேற்றுத்தான் நிறைவு செய்தவன் இன்று காலை ஆர்22இன் இடப்பக்கம் ஆசிரியனாக ஏறி அமர்கிறான். வலப்பக்கம் அமர்ந்து பட்டையை இறுக்கிக்கொள்பவனுக்கு இது முதல் மணி.