கொடியேறிய உயிர்கள் – 14: புறமுதுகு காட்டிய அன்னம்

கொடியில் விலங்கை வரைபவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு. விலங்கின் முகம் கொடிக்கம்பத்தைப் பார்த்து இருக்க வேண்டும். படகு முன்னே விரையும்போது பொதுவாகக் கொடி பின்பக்கமாகப் படபடக்கும். கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் முகம் திரும்பிய சிங்கமோ கழுகோ, எதிரியைக் கண்டு ஓட்டமெடுப்பதுபோல் தெரியும். புறமுதுகு காட்டுவது என்போமே, அதுதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னம் ஏறக்குறைய 80 வருடங்கள் அப்படித்தான் பறந்தது. 1870-களில் அந்தக் காலனிக்கென்று கொடி வந்தபோது, மஞ்சள் வட்டத்துக்குள் நீந்தும் அன்னத்தைக் கம்பத்துக்கு முதுகு காட்டி வரைந்துவிட்டார்கள். 1953-இல்தான் அதைத் திருப்பிப் போட்டார்கள்.

திசையை விடுங்கள், நிறத்துக்கு வருவோம். அன்னம் என்றாலே வெள்ளை என்பது நம் புலவர்கள் மட்டும் வைத்த கணக்கல்ல. ரோமாபுரிக் கவிஞர் ஜுவனலும், குறையே இல்லாத மனைவி கறுப்பு அன்னத்தைப்போல அரிது என்று கேலி செய்திருக்கிறார். நடக்காத காரியத்துக்கு உவமையாக ஐரோப்பாவில் அந்தப் பறவை பல நூற்றாண்டுகள் உயிர்வாழ்ந்தது. 1697 ஜனவரியில் வில்லெம் டி வ்லாமிங் என்ற டச்சு மாலுமி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஓர் ஆற்றுக்குள் படகு விட்டார். நீர்ப்பரப்பில் கரிக்கட்டைபோல அன்னங்கள் மிதந்தன. சிலவற்றைப் பிடித்து படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கொண்டுபோனார். ஆற்றுக்கு அன்ன ஆறு என்று பெயர் வைத்தார். அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த நூங்கார் மக்களுக்கு இதிலெல்லாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கு அந்தப் பறவை ‘மாலி’, அந்த ஆறு ‘டெர்பார்ல் யெரிகன்’.

அந்த ஆற்றங்கரையில் எழுந்த ஊர்தான் பெர்த். 1865-ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லும் ராயல் பெர்த் யாட் கிளப், பாய்ப்படகுக்காரர்களின் பழைய சங்கம். உலகின் கண்ணுக்கு அது தட்டுப்பட்டது 1983-இல், அமெரிக்கா கோப்பைக்கான படகுப் பந்தயத்தில். ஆனால் அன்று உலகம் பார்த்த கொடியில் இருந்தது அந்த ஊர் அன்னம் அல்ல, குத்துச்சண்டைக் கையுறை மாட்டிய கங்காரு!

அமெரிக்கா கோப்பை என்பது 1851-இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் ‘அமெரிக்கா’ என்ற படகு வென்ற வெள்ளிக் கோப்பை. படகின் பெயரே கோப்பைக்கும் ஒட்டிக்கொண்டது. அதன்பின் 132 வருடங்கள் நியூயார்க் யாட் கிளப்பிடமிருந்து அதை யாராலும் பறிக்க முடியவில்லை. பெர்த் தொழிலதிபர் ஆலன் பாண்ட் மூன்று முறை முயன்று தோற்று, நான்காவது முறையாக ராயல் பெர்த் கிளப்பின் பெயரில் ‘ஆஸ்திரேலியா 2’ படகை அனுப்பினார். படகின் அடிப்பகுதியில் பென் லெக்ஸன் வடிவமைத்த, இறக்கை முளைத்த அடிக்கட்டை. கரையேற்றும்போதெல்லாம் அதைத் துணிபோட்டு மறைத்தார்கள். கீழே துணிபோட்டு மறைத்த ரகசியம், மேலே பச்சைத் துணியில் தங்க நிறக் கங்காரு. சிவப்புக் கையுறையோடு முஷ்டி உயர்த்தி நின்ற அந்தக் கொடியை யாரும் மறைக்கவில்லை.

கங்காருவுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர் பாண்ட் அல்ல. ஆண் கங்காருக்கள் முன்னங்கால்களால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, வாலை ஊன்றி உதைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் கூடாரக் காட்சிக்காரர்கள் அதற்குக் கையுறை மாட்டி மனிதனோடு மோதவிட்டுக் காசு பார்த்தார்கள். 1895-இல் பெர்லினில் காட்டப்பட்ட ஆரம்பகாலச் சலனப்படம் ஒன்றில்கூட அது உண்டு. 1941-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஆஸ்திரேலிய விமானப்படையினர் தங்கள் விமானங்களில் அதே உருவத்தை வரைந்துகொண்டார்கள். பாண்டின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில். இளமையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் பழகியவர் அவர். ஒரு படத்துக்கு என்ன விலை என்பது தெரிந்தவர். அந்தக் கங்காருவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார்.

பந்தயம் நடந்தது அமெரிக்காவின் நியூபோர்ட் கடலில். ஏழு போட்டிகளில் 1-3 என்று பின்தங்கி, 3-3 என்று சமன் செய்து, செப்டம்பர் 26 அன்று கடைசிப் போட்டி. அமெரிக்கத் தரப்பில் டென்னிஸ் கானர் செலுத்திய ‘லிபர்ட்டி’ ஒரு கட்டத்தில் 57 விநாடி முன்னால். அடுத்து, காற்றை முதுகில் வாங்கி ஓடும் பகுதியில், ‘ஆஸ்திரேலியா 2’-ஐச் செலுத்திய ஜான் பெர்ட்ரண்ட் அதைத் தாண்டினார். 41 விநாடியில் வெற்றி. பெர்த்தில் அப்போது விடியற்காலை. கிளப்பில் கொண்டாடிக்கொண்டிருந்த பிரதமர் பாப் ஹாக், இன்று வேலைக்கு வராதவனை நீக்கும் முதலாளி உருப்படாதவன் என்கிற பொருளில் பேசியது ஆஸ்திரேலிய அரசியலில் இன்றும் சிரித்தபடி நினைவுகூரப்படுகிறது.

1987-இல் கோப்பையைக் காக்கும் போட்டி பெர்த்தை அடுத்த ஃப்ரீமேன்டில் கடலில். மதியமானால் அங்கே வீசும் பலத்த கடற்காற்றுக்கு உள்ளூரார் வைத்த பெயர் ‘டாக்டர்’. இம்முறை பாண்டின் படகு உள்ளூர்த் தேர்வுப் போட்டியிலேயே தோற்றது. ராயல் பெர்த் சார்பில் இறங்கியது ‘குக்கபரா 3’. குக்கபரா என்பது மனிதர் சிரிப்பதுபோலக் கத்தும் பெரிய மீன்கொத்தி. எனக்கு இந்த இடம்தான் வேடிக்கையாக இருக்கிறது. அது மேற்கு ஆஸ்திரேலியாவின் பறவையே அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஆற்றோடு பிறந்த அன்னம் இருக்க, குடியேறிய மீன்கொத்திக்குக் கிடைத்தது வாய்ப்பு. கானர் அதை 4-0 என்று வீழ்த்தி, கோப்பையை சான் டியாகோவுக்கு எடுத்துப்போனார்.

கங்காரு பிறகு கைமாறியது. அதன் உரிமையை ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி வாங்கிக்கொண்டது. 2010-இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் வீரர்கள் குடியிருப்பின் மாடத்தில் அந்தக் கொடி தொங்கியபோது, இது வணிகச் சின்னம், இறக்குங்கள் என்றார்கள் சர்வதேச ஒலிம்பிக் அதிகாரிகள். ஆஸ்திரேலியாவில் கொந்தளிப்பு. கடைசியில் கங்காரு இறங்கவில்லை.

‘ஆஸ்திரேலியா 2’ இப்போது ஃப்ரீமேன்டில் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கிளப்புக்குப் போகும் சாலைக்கும் அதே படகின் பெயர்தான். அந்தச் சாலையின் ஓரமாக, மட்டில்டா விரிகுடாவின் அமைதியான நீரில், கறுப்பு அன்னங்கள் நினைத்த திசையில் நீந்துகின்றன.