புலமையும் புலனாய்வும்: பட்டமேற்படிப்பு நெறியொன்றின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்த நூல் திருக்குறள். ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரின் சொல் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்னும் கருத்து அவ்வதிகாரத்தில் இடம்பெறுகின்றது. செய்தியைச் சேகரிப்பது ஒரு தொழில், சேர்ந்த செய்திகளை ஒப்புநோக்கி முடிவு காண்பது வேறொரு தொழில் என்ற தெளிவு அங்கு இருந்தமை கவனிக்கத்தக்கது. ஆயினும் முடியாட்சிக் காலத்தில் இவ்விரண்டாவது தொழில் அரசனுக்கும் அமைச்சனுக்குமே உரியதாயிருந்தது. அதற்கெனப் பல்கலைக்கழகத்திற் பயின்று முதுமாணிப் பட்டமோ கலாநிதிப் பட்டமோ பெற்று, அதனையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும் ஒரு பிரிவினர் தோன்றியமை இருபதாம் நூற்றாண்டுக்குரிய நிகழ்ச்சியாகும். அப்பிரிவினர் எவ்வாறு தோன்றினர், எத்தகைய சமூகத் தேவை அவர்களைத் தோற்றுவித்தது, அவர்தம் தோற்றம் புலமைத் துறைகளை எவ்வாறு பாதித்தது என்னும் வினாக்களை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1941ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜனாதிபதி றூஸ்வெல்ற், வில்லியம் டொனவன் என்ற வழக்கறிஞரின் தலைமையிற் செய்தி இணைப்பு அலுவலகம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு ஜூனில் அது மூலோபாயச் சேவைகள் அலுவலகமாக மாற்றியமைக்கப்பட்டது. அதன் கிளைகளுள் எமது கவனத்துக்குரியது ஆராய்ச்சி, பகுப்பாய்வுக் கிளையாகும். ஹாவாட் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியரான வில்லியம் லாங்கர் அதற்குத் தலைமை தாங்கினார். வரலாற்றாசிரியர், பொருளியலாளர், புவியியலாளர், மானிடவியலாளர் என ஏறத்தாழ 900 அறிஞர்கள் அதிற் பணியாற்றினர். அவர்கள் பயன்படுத்திய மூலங்களுட் பெரும்பாலானவை இரகசியமானவை அல்ல. புதினப்பத்திரிகைகள், வர்த்தகப் புள்ளிவிபரங்கள், புகையிரதப் பாதைகள் பற்றிய தகவல்கள், நூலகங்களில் உறங்கிய பழைய அறிக்கைகள் ஆகியனவே அவை. ஜேர்மனியச் சிறு நகரங்களின் பத்திரிகைகளில் வெளியான இராணுவ அதிகாரிகளின் மரண அறிவித்தல்களை எண்ணி, அந்நாட்டுப் படையின் இழப்பை மதிப்பிட்டவர்கள் அவர்கள். பழைய ஏடுகளையும் சாசனங்களையும் ஒப்புநோக்கும் ஆராய்ச்சியாளனுக்கு இம்முறை அந்நியமானதன்று. மூலபாடத்தை ஐயுறுதல், சான்றுகளைத் தரம்பிரித்தல், மௌனத்துக்கும் பொருள் காணுதல் என மானிடப் பண்பியற் கல்வி காலங்காலமாகப் பேணிவந்த முறைகளே அங்கு அரசின் கருவிகளாயின.

இக்கிளையின் வரலாற்றில் மார்க்சியர்க்குச் சிறப்பாக அக்கறையூட்டும் ஓர் அத்தியாயம் உண்டு. ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பியோடிய பிராங்போட் சமூக ஆராய்ச்சி நிலையத்தவர் சிலர் இதன் மத்திய ஐரோப்பியப் பிரிவிற் பணியாற்றினர். நாற்சி அரசின் அமைப்பை ஆராய்ந்த ‘பெஹிமத்’ என்னும் நூலை 1942இல் வெளியிட்ட பிரான்ஸ் நொய்மன், தத்துவவியலாளர் ஹேர்பேட் மார்க்கூஸ, சட்ட அறிஞர் ஒற்றோ கிர்ஷ்ஹைமர் ஆகியோர் அவர்கள். நொய்மன் பின்னர் நியூரம்பேர்க் விசாரணையில் வழக்குத் தொடுநர் தரப்புக்கு உதவினார். அமெரிக்க மார்க்சியப் பொருளியலின் முதன்மையாளர்களாகப் பிற்காலத்தில் அறியப்பட்ட போல் சுவீசி, போல் பாறன் ஆகிய இருவரும் இதே கிளையிற் கடமையாற்றியவர்களே. இவர்கள் ஏகாதிபத்தியத்துக்கு விலைபோனவர்கள் என்று கூறிவிடுவது எளிது. ஆனால், அது வரலாற்று நோக்காகாது. பாசிச எதிர்ப்பு என்னும் பொது முன்னணி நிலவிய காலம் அது. அரசின் உடனடித் தேவையும் முற்போக்கு அறிவாளரின் அரசியற் கடமையும் சில ஆண்டுகளுக்கு ஒரே திசையிற் சென்றன. அத்திசைகள் பிரிந்தபோது நிகழ்ந்தவற்றிலேயே எமது பிரச்சினை தொடங்குகின்றது.

அதனை நோக்குமுன் எமது மண்ணோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் குறிப்பிடவேண்டும். 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு இடம்மாறியது. மூலோபாயச் சேவைகள் அலுவலகத்தின் ஒரு பிரிவு கண்டியில் இயங்கிற்று. அங்கு ஆராய்ச்சி, பகுப்பாய்வுக் கிளைக்குப் பொறுப்பாயிருந்தவர், இந்தோனேசியாவின் அலோர் தீவு மக்களைப் பற்றி ஆராய்ந்த மானிடவியலாளர் கோறா டு பொய்ஸ் அம்மையார். கிராமமொன்றின் வாழ்வை அறியும் பொருட்டுக் கற்ற கல்வி, போர்க்களமொன்றின் அறிவாக மாறிய நிகழ்ச்சி எங்கோ நடந்ததன்று. பேராதனைக் குன்றுகளுக்கு அண்மையிலேயே நடந்தது.

1945 செப்ரெம்பரில் ஜனாதிபதி ட்றூமன் அவ்வலுவலகத்தைக் கலைத்தார். ஆராய்ச்சிக் கிளை இராஜாங்கத் திணைக்களத்தோடு சேர்க்கப்பட்டது. 1947இல் மத்திய புலனாய்வு முகவரகம் தோன்றியது. கலைந்து சென்ற அறிஞர்கள் தாம் பெற்ற அனுபவத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துச் சென்றனர். சோவியத் பிரிவின் தலைவராயிருந்த ஜெறோயிட் றொபின்சன், 1946இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ருசிய ஆய்வு நிலையத்தின் முதற் பணிப்பாளரானார். அவ்வலுவலகத்தில் இந்திய விடயங்களுக்குப் பொறுப்பாயிருந்த சமஸ்கிருத அறிஞர் நோர்மன் பிறவுண், 1948இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தெற்காசியப் பிரதேச ஆய்வுத் துறையை உருவாக்கினார். ஒரு பிரதேசத்தின் மொழி, வரலாறு, பொருளாதாரம், அரசியல் ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும் பட்டமேற்படிப்பு நெறி இவ்வாறே வலுப்பெற்றது. போர்க்காலத்திற் பல துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து அறிக்கை எழுதிய முறை, சமாதான காலத்திற் பாடத்திட்டமாயிற்று எனலாம்.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதை அடுத்து, 1958இல் நிறைவேறிய தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் அயல்மொழிக் கல்விக்குப் பெருநிதி வழங்கியது. அதனாற் பயனடைந்த மொழிகளுள் தமிழும் ஒன்று. 1962 முதல் இந்தியாவுக்கு விற்ற தானியத்தின் விலைப்பணத்தைக் கொண்டு அமெரிக்க நூலகங்களுக்கு வாங்கப்பட்ட நூல்களுள் தமிழ் நூல்களும் இருந்தன. எமது நூலகங்களிற் கிடைக்காத தமிழ் ஏட்டைச் சிக்காகோவிற் காணமுடிவதற்கு இதுவும் ஒரு காரணம். இதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எமது மொழி எவருடைய தேவைக்காக, எந்த வரவுசெலவுத் திட்டத்தின்கீழ் ஒரு பாடமாயிற்று என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பகுப்பாய்வைத் தனியொரு புலமைத் துறையாக்க முனைந்தவர் ஷேர்மன் கென்ற். யேல் பல்கலைக்கழகத்திற் பிரெஞ்சு வரலாறு கற்பித்த இவர், 1949இல் மூலோபாயப் புலனாய்வு பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1952 முதல் 1967 வரை தேசிய மதிப்பீடுகள் அலுவலகத்துக்குத் தலைமை தாங்கினார். தொழிலுக்கென ஓர் இலக்கியம் வேண்டும் என்ற அவரது வற்புறுத்தலால் 1955இல் ஓர் ஆய்விதழும் தோன்றியது.

கென்ற் எதிர்நோக்கிய பிரச்சினைகளுள் ஒன்று இலக்கிய மாணவர்க்கு நன்கு விளங்கக்கூடியது. 1951இல் யூகோசிலாவியா மீது தாக்குதல் நிகழ்வதைப் பாரதூரமான சாத்தியப்பாடாகக் கருதவேண்டும் என ஒரு மதிப்பீடு கூறியது. அச்சொற்றொடரால் என்ன கருதினீர்கள் எனத் தம் சகாக்களைக் கென்ற் வினவியபோது, அவர்களின் விடைகள் நூற்றுக்கு 20 தொடக்கம் 80 வரை வேறுபட்டன. ஒரே வாக்கியத்துக்கு ஒருமனதாக ஒப்பமிட்டவர்கள் வெவ்வேறு பொருளையே கருதியிருந்தனர். நிகழ்தகவைக் குறிக்கும் சொற்களுக்கு எண்ணளவு வகுக்க வேண்டும் என அவர் 1964இல் வாதிட்டதற்கு இதுவே பின்னணி. சொல்லின் பொருளைத் திட்டப்படுத்த முயன்ற அம்முயற்சி மதிப்புக்குரியது. எனினும் சொல் தெளிவடைவதால் மட்டும் உண்மை வென்றுவிடுவதில்லை.

இதற்கு 1967ஆம் ஆண்டு நிகழ்ச்சி தக்க சான்று. வியற்நாமில் எதிர்த்துப் போராடியோர் எத்தனை பேர் என்பது வினா. மத்திய புலனாய்வு முகவரகத்தின் பகுப்பாய்வாளர் சாம் அடம்ஸ், கைப்பற்றப்பட்ட ஆவணங்களைக் கொண்டு ஏறத்தாழ 600,000 பேர் எனக் கணித்தார். இராணுவத் தலைமையகமோ 300,000க்கு மேற்பட்ட எந்தத் தொகையையும் ஏற்க மறுத்தது. வெற்றி நெருங்கிவிட்டதென மக்களுக்குக் கூறிக்கொண்டிருந்த அரசுக்குப் பெரிய எண் உதவாது. கிராமங்களின் ஒழுங்கற்ற படையினரைக் கணக்கிலிருந்து நீக்கிச் சிறிய எண்ணே மதிப்பீட்டில் இடம்பெற்றது. 1968 ஜனவரியில் ரெற் தாக்குதல் நிகழ்ந்தது. இங்கு குறை முறையியலில் இருக்கவில்லை. கணக்கெடுக்கத் தெரிந்தவன் இருந்தான். கணக்கைக் கேட்க விரும்பாத அதிகாரமும் இருந்தது. ஆயுதம் ஏந்திய குடியானவனை எண்ணாது விடுதல் என்பது, மக்கள் யுத்தத்தில் மக்களை எண்ணாது விடுதலேயாகும்.

இக்குறைபாட்டை முதலாளித்துவ அரசுக்கு மட்டும் உரியதாக்கி மார்க்சியர் ஆறுதலடைதலும் பொருந்தாது. பிராங்போட் நிலையத்தின் தொடக்க காலத்தோடு தொடர்பு கொண்டிருந்தவரும், ஹம்பேர்க்கில் 1919இற் கலாநிதிப் பட்டம் பெற்றவருமான றிச்சாட் சோர்கே, தோக்கியோவிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்குச் செய்தி அனுப்பினார். ஜேர்மனி தாக்கவிருக்கின்றது என்ற அவரது எச்சரிக்கையை ஸ்ராலின் நம்பவில்லை. 1941 ஜூன் 22ஆம் திகதி தாக்குதல் நிகழ்ந்தது. 1944 நவம்பர் 7ஆம் திகதி சோர்கே தூக்கிலிடப்பட்டார். ஒரே அறிவுப் பாரம்பரியத்தோடு தொடர்புற்றவர்கள் இரு வேறு அரசுகளுக்குப் பணிபுரிந்தமையும், கேட்க விரும்பாத செவி இரு தரப்பிலும் இருந்தமையும் நாம் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டிய உண்மைகள்.

போர்க்காலத்தில் நம்பப்பட்ட அறிஞர்களின் பிற்கால வாழ்வும் நோக்கத்தக்கது. கண்டியிற் கடமையாற்றிய டு பொய்ஸ் அம்மையார், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் விசுவாசப் பிரமாணத்திற் கையொப்பமிட மறுத்து அங்கு கிடைத்த பதவியைத் துறந்தார். 1954இல் ஹாவாட்டிற் பேராசிரியரானார். சுவீசி 1949இல் ‘மன்த்லி றிவியூ’ இதழைத் தொடங்கியவர். நியூ ஹாம்ப்ஷயர்ப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரையில் என்ன கூறினார் என அம்மாநிலச் சட்டமா அதிபர் 1954இல் விசாரித்தபோது அவர் விடையளிக்க மறுத்தார். அதற்காகத் தண்டிக்கப்பட்ட அவரை 1957இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அறிஞனின் பகுப்பாய்வை இரகசியமாகப் பெற்றுப் பயன்படுத்திய அரசு, அதே அறிஞன் வகுப்பறையிற் பகிரங்கமாகப் பேசியதைக் குற்றமாக நோக்கியது. புலமைக்கும் புலனாய்வுக்கும் இடையிலான முரண்பாட்டை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

பிற்காலத்தில் இத்துறை தனக்கெனப் பட்டங்களையே பெற்றது. 1962இல் நிறுவப்பட்ட பாதுகாப்புப் புலனாய்வுக் கல்லூரிக்கு 1980இல் முதுமாணிப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. 1992இற் பென்சில்வேனியாவின் மேர்சிஹேர்ஸ்ற் கல்லூரி, குடிசார் மாணவர்க்கான பகுப்பாய்வுக் கற்கைநெறியைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மத்திய புலனாய்வு முகவரகம் கென்றின் பெயரிற் பயிற்சிக் கல்லூரி ஒன்றை அமைத்தது. 2004இல் தொடங்கிய புலமைப்பரிசில் திட்டமொன்றில், உதவி பெறும் மாணவர் எவர் என்பது அவர் பயிலும் பல்கலைக்கழகத்துக்கே வெளிப்படுத்தப்படாதிருந்தது. மானிடவியலாளர் சிலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். வகுப்பறையில் அருகிலிருப்பவன் எவர் பொருட்டுக் கற்கின்றான் என்பது தெரியாத நிலையிற் கல்விச் சமூகம் எதன்மீது கட்டப்படும் என்பதே அவ்வெதிர்ப்பின் உட்கிடை.

இந்நெறிகளில் மாணவர் கற்பவை பயனற்றவை அல்ல. மூலங்களைத் தரப்படுத்தல், மாற்று விளக்கங்களை அருகருகே வைத்துச் சோதித்தல், தன் மனச்சாய்வைத் தானே ஐயுறுதல், சுருங்க எழுதுதல் ஆகியன எந்த ஆராய்ச்சியாளனுக்கும் வேண்டியவை. ஆயினும் இத்தனை பயிற்சிக்குப் பின்னரே, 2002 ஒக்ரோபரில், ஈராக்கிடம் இரசாயன, உயிரியல் ஆயுதங்கள் உள்ளன என்ற மதிப்பீடு எழுதப்பட்டது. 2003இற் போர் நிகழ்ந்தது. 2004இல் அத்தகைய ஆயுதக் குவியல்கள் அங்கு இருக்கவில்லை என ஆய்வுக் குழுவினரே அறிக்கையிட்டனர்.

தொகுத்து நோக்கின், புலனாய்வுப் பகுப்பாய்வு என்னும் பட்டமேற்படிப்பு, தன் முறைகளை மானிடப் பண்பியலிலிருந்தும் சமூக விஞ்ஞானங்களிலிருந்தும் பெற்றது. தன் வினாக்களை அரசிடமிருந்து பெற்றது. வரலாற்றாசிரியனின் தவறான முடிவை அடுத்த ஆண்டு இன்னொருவன் இதழொன்றில் மறுக்கலாம். இரகசிய அறிக்கையின் தவறோ பெரும்பாலும் குண்டுகள் விழுந்த பின்னரே வெளிவருகின்றது. மறுப்புக்கு இடந்தராத அறிவு, எத்துணைத் திறமையுடன் ஆக்கப்பட்டதாயினும், முழுமையான புலமை ஆகாது என்பதே எமது முடிபு.

மூவர் சொல் ஒத்தல் வேண்டும் என்று வள்ளுவர் விதித்தபோது, அம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் வேண்டும் என்றும் விதித்தார். ஆனால் மூவரும் ஒரே வேந்தன் எதைக் கேட்க விரும்புகின்றான் என்பதை அறிந்திருப்பின், அவர்தம் ஒற்றுமைக்கு என்ன பெறுமதி? பட்டம் பெற்று இத்தொழிலை நாடும் மாணவனும், அவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியனும் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவேயாகும்.