கூழ்த்தாள் இதழ்களும் மறைந்த வாசகியரும்

பழைய அமெரிக்கக் கதை இதழ்களைப் பற்றிய ஆவணப்படம் என்றால், அதில் முதலில் என்ன தோன்றும் என்பதைப் பார்க்காமலே நான் சொல்லிவிடுவேன். மழையில் நனைந்த தெரு, தொப்பியணிந்த துப்பறிவாளர், அவர் கையில் துப்பாக்கி. அடுத்து, பூதத்தின் பிடியில் அலறும் நங்கையின் அட்டைப்படம். இத்தகைய படங்கள் நாலைந்தைக் கண்டு, அவற்றை அப்படியே நம்பி, ஒரு கல்லூரியில் நான் பேசியதும் உண்டு. "இவை ஆடவர் எழுதி ஆடவரே படித்த இதழ்கள்" என்று துணிந்து கூறினேன். அது பிழை. அப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதையே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மரக்கூழால் செய்த மலிவான முரட்டுத் தாளில் அச்சிடப்பெற்றமையால் இவற்றுக்குப் 'பல்ப்' இதழ்கள் என்று பெயர் வந்தது. பல்ப் என்றால் கூழ். 1882-ஆம் ஆண்டில் சிறுவர்க்கென ஒரு வார ஏட்டைத் தொடங்கிய ஃபிராங்க் மன்சி, பின்னர் 'ஆர்கசி' எனப் பெயர் பெற்ற அதனை 1896-இல் கதைகள் மட்டுமே நிறைந்த கூழ்த்தாள் இதழாக மாற்றினார். இவ்வகை இதழ்களுக்கு அதுவே முன்னோடி.

ஆவணப்படங்கள் பெரிதும் போற்றுபவை 1920-இல் பிறந்த 'பிளாக் மாஸ்க்', 1923-இல் பிறந்த 'வியர்டு டேல்ஸ்' ஆகிய இரண்டுமே. ஆனால் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் 1921-இல் 'லவ் ஸ்டோரி' என்ற காதல் கதை இதழைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே அது வார இதழாயிற்று. 1928 முதல் அதன் ஆசிரியராக விளங்கியவர் டெய்சி பேக்கன் என்னும் பெண்மணி. விற்பனை உச்சத்தில் 6 லட்சம் படிகள் வரை எட்டியது என்பர். 'வியர்டு டேல்ஸ்' அந்த அளவை என்றுமே நெருங்கியதில்லை. கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்துவந்த இளம்பெண்கள் வாரந்தோறும் வாங்கிப் படித்த அந்த இதழுக்கு, நான் கண்ட படங்களில் அரை நிமிடங்கூடக் கிடைக்கவில்லை.

இதில் சூழ்ச்சி ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. படம் எடுப்பவர் கையில் கிடைப்பதைத்தானே காட்ட முடியும்? கூழ்த்தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தால் தானே பழுத்து நொறுங்கிவிடும். எவரேனும் பேணிக் காத்த படிகளே மிஞ்சும். துப்பறியும் கதைகளையும் திகில் கதைகளையும் அன்பர்கள் சேர்த்துவைத்தார்கள். காதல் கதை இதழையோ, படித்து முடித்ததும் தோழிக்குக் கொடுப்பார்கள், இல்லையேல் எறிந்துவிடுவார்கள். மேலும், 'பிளாக் மாஸ்க்'கில் டேஷியல் ஹாமெட் தொடராக எழுதிய 'மால்டிஸ் ஃபால்கன்' 1941-இல் புகழ்பெற்ற திரைப்படமாயிற்று. லவ்கிராஃப்ட் 1937-இல் மறைந்தபின் அவருடைய கதைகளை நூலாக்குவதற்கென்றே நண்பர்கள் இருவர் 1939-இல் ஒரு பதிப்பகம் கண்டனர். 'லவ் ஸ்டோரி' எழுத்தாளர்களுக்கு அத்தகைய நண்பர்கள் வாய்க்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆண்களின் உலகம் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பெறும் 'வியர்டு டேல்ஸ்' அட்டைகளுள், 1930-களில் வந்த மிகப் பலவற்றைத் தீட்டியவர் மார்கரெட் பிரண்டேஜ் என்னும் பெண் ஓவியர். 1940 முதல் 1954-இல் நின்றுபோகும்வரை அவ்விதழின் ஆசிரியராக இருந்தவரும் டோரதி மக்கில்ரெய்த் என்ற பெண்மணியே. கண்ணெதிரே இருந்த இச்செய்திகளை நானும் தேடவில்லை.

'லவ் ஸ்டோரி' 1947-இல் நின்றது. ஏறத்தாழ இருபதாண்டுகளாகியும் அப்பொழுதும் டெய்சி பேக்கனே அதன் ஆசிரியர். பின்னொரு முறை அதே கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அன்று அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பேசத் தொடங்கினேன்.