ஐஸ்லாந்தின் பனிக்காலப் பள்ளி

ஐஸ்லாந்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 1907-இல்தான் வந்தது. ஆனால் அதற்கு நூறாண்டு முன்பே அங்கே வாசிக்கத் தெரியாதவர்கள் அரிது. இதில் நீண்ட பனிக்காலத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன். புல்தரையைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி எழுப்பிய பண்ணை வீட்டில், 'பாத்ஸ்தோவா' என்ற ஒரே அறையில்தான் உண்பது, உறங்குவது, உழைப்பது எல்லாம். இரு சுவரோரமும் கட்டில்கள். இருட்டியதும் மீனெண்ணெய் விளக்கை ஏற்றுவார்கள். பெரியவர்கள் கம்பளி நூற்க, பிள்ளைகள் பின்ன, ஒருவர் மட்டும் விளக்கருகே அமர்ந்து பழங்கதைகளை உரக்க வாசிப்பார். கேட்டுக் கேட்டே குழந்தைகளுக்குப் புத்தகத்தின்மேல் ஆசை வந்தது.

லூத்தரன் கிறிஸ்தவ சபை கொடுத்த நெருக்கடிதானே காரணம் என்று கேட்கலாம். நெருக்கடி இருந்தது உண்மை. 1740-களில், ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசு லுட்விக் ஹார்போ என்ற பாதிரியாரை அனுப்பி மக்களின் கல்வி நிலையைச் சோதித்தது. பிறகு, திடப்படுத்தல் என்ற சபைச் சடங்கைப் பெறும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றானது. ஆனால் ஆணை போட்டவர்கள் வீட்டுக்கு வீடு வாத்தியாரையா அனுப்பினார்கள்? கற்பிக்கும் பாரம் பெரும்பாலும் வீட்டார் தலையில்தான் விழுந்தது; அதற்கு நேரம் தந்தது பனி. இதைப் பொற்காலம் என்று புகழவும் வேண்டாம். சின்னஞ்சிறு விரல்களுக்கும் அங்கே ஓய்வில்லை. 1907 சட்டமும் பத்து வயதுக்குமேல்தான் பள்ளியைக் கட்டாயமாக்கியது. அந்த வயதுக்குமுன் வாசிக்கக் கற்பிக்கும் பொறுப்பை வீட்டிடமே விட்டது.