தடைக்குப் பின் எஞ்சும் துப்பாக்கி: அமெரிக்க மாநிலச் சட்டங்களில் ஒரு வரையறைச் சிக்கல்

மேரிலாந்து மாநிலம் தடை செய்துள்ள ரைஃபிள்களின் பட்டியலில் ஏஆர்-15 பற்றி ஒரே ஒரு வரி உண்டு. கோல்ட் ஏஆர்-15, சிஏஆர்-15, அவற்றைப் பார்த்துச் செய்த எல்லாமே அதில் அடங்கும். கோல்ட் ஏஆர்-15 ஸ்போர்ட்டர் எச்-பார் மட்டும் விலக்கு. எச்-பார் என்றால் கனத்த குழல். தோட்டா, விசை, மேகசின், சுடும் வேகம் எதிலும் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. குழல் தடித்திருப்பதால் தொடர்ந்து சுடும்போது அது மெதுவாகவே சூடேறும். குறி பிசகுவதும் குறையும். 2013இல் அம்மாநிலம் தன் சட்டத்தை இறுக்கியபோதும் இந்த விலக்கு அப்படியே நின்றது. ஒல்லிக் குழல் கொண்டதை விற்பது குற்றம். அதைவிடச் சீராகச் சுடும் கனத்த குழல் கொண்டதை விற்கலாம்.

இதைச் சட்டம் எழுதியவர்களின் கவனப்பிசகு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடைச் சட்டம் எதைக் கண்டு அஞ்சியது என்பதை அது தடுத்தவற்றைவிட விட்டுவைத்தவையே தெளிவாகக் காட்டுகின்றன. அமெரிக்க மாநிலச் சட்டங்களில் பெரும்பாலானவை துப்பாக்கியின் இயக்கத்தை விட்டுவிட்டு அதன் பெயரையும் தோற்றத்தையும் பிடித்துக்கொண்டன. அதனால்தான் சட்டப்படி எஞ்சும் துப்பாக்கிக்கும் தடைபட்ட துப்பாக்கிக்கும் இடையே, சுடப்படுபவரின் பக்கம் நின்று பார்த்தால், வேறுபாடு மிகச் சிறிதாகிவிடுகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இயக்கம். விசையை அழுத்திப் பிடித்தால் விடாமல் சுடும் தானியங்கித் துப்பாக்கி 1934 முதலே ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1986க்குப் பின் புதிதாகச் செய்தவை பொதுமக்கள் கைக்குப் போவதில்லை. மாநிலத் தடைகள் பேசுவது அரைத் தானியங்கியைப் பற்றி: ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு தோட்டா, அடுத்த தோட்டா தானாகவே குழலறைக்குள் ஏறிவிடும். 'தாக்குதல் ஆயுதம்' என்ற சொல்லுக்குப் பொறியியலில் உறுதியான பொருள் கிடையாது. ஒவ்வொரு சட்டமன்றமும் தன் பொருளைத் தானே எழுதிக்கொள்கிறது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

1989 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி மைதானத்தில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்குத் தப்பி அகதிகளாக வந்த தென்கிழக்கு ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அதே ஆண்டில் நிறைவேறிய ராபர்ட்டி-ரூஸ் சட்டம் துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. பெயரை மாற்றினால் போதும் என்பதைத் தயாரிப்பாளர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். எனவே 2000 ஜனவரி முதல் உறுப்புகளைக் கணக்கிடும் முறை வந்தது. நடு வெடிப்புத் தோட்டாவைச் சுடும், மேகசினைக் கழற்றக்கூடிய அரைத் தானியங்கி ரைஃபிளில் துருத்தி நிற்கும் பிஸ்டல் கைப்பிடி, மடக்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் தோள்கட்டை, தீப்பொறி மறைப்பான் போன்றவற்றில் ஒன்று இருந்தாலும் அது தாக்குதல் ஆயுதம்.

1994இல் வந்த ஒன்றியச் சட்டம் இன்னும் தளர்வானது. இரண்டு உறுப்புகள் இருந்தால்தான் தடை. ஏறத்தாழ 650 வகை நீள்துப்பாக்கிகளுக்குப் பெயர் சொல்லி விலக்கு. டெக்-9 என்ற பிஸ்டலின் தயாரிப்பாளர் அதைச் சற்றே மாற்றி ஏபி-10 என்று விற்றார். 'தடைக்குப் பின்' என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பத்தாண்டு முடிந்து 2004 செப்டம்பரில் அச்சட்டம் காலாவதியானது. நீதித்துறை அமைச்சகத்துக்காக கிறிஸ்டோபர் கோப்பர் அந்த ஆண்டில் எழுதிய ஆய்வு, துப்பாக்கி வன்முறையில் அதன் விளைவு உறுதியாக அளக்க முடியாத அளவுக்குச் சிறியதாகவே இருக்கக்கூடும் என்றது. இந்த ஆயுதங்கள் முன்பும் குற்றங்களில் அரிதாகவே பயன்பட்டன; ஏற்கெனவே மக்கள் கையில் இருந்த பெரிய மேகசின்களோ புழக்கத்திலேயே தொடர்ந்தன.

கலிஃபோர்னியாவில் நடந்த துரத்தல் தனியாகச் சொல்லத்தக்கது. கருவி இல்லாமல் கழற்ற முடிந்தால்தான் மேகசின் 'கழற்றக்கூடியது' என்றது அங்குள்ள விதி. ஒரு தோட்டாவின் முனையே கருவியாகலாம் என்பதால், விரலால் அழுத்த முடியாத, தோட்டா முனையால் மட்டும் அழுத்தக்கூடிய பொத்தான் சந்தைக்கு வந்தது. அது பொருத்திய ஏஆர்-15 பல ஆண்டுகள் சட்டப்படி விற்றது. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட பிறகு சட்டம் திருந்தியது. 2017 முதல், துப்பாக்கியின் இயங்குபகுதியைப் பிரிக்காமல் எடுக்க முடியாததே நிலைத்த மேகசின். உடனே சந்தை வேறு பக்கம் திரும்பியது. கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றிக்கொள்ள முடியாதபடி ஒரு தகட்டை வைத்து, தோள்கட்டையை அசையாமல் நிறுத்தி, தீப்பொறி மறைப்பானை எடுத்துவிட்டால் அது 'உறுப்பில்லாத' ரைஃபிள். மேகசின் முன்போலவே கழன்று வரும்.

இன்று அம்மாநிலத்தில் எஞ்சுபவை எவை? ஒவ்வொரு முறையும் கையால் இயக்கும் போல்ட், லீவர், பம்ப் வகைகள். சிறிய விளிம்பு வெடிப்புத் தோட்டாவைச் சுடும் .22 ரைஃபிள்கள், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத நிலைத்த மேகசின் உடையவை, மேலே சொன்ன உறுப்பில்லாதவை. ரூகர் மினி-14இன் சாதாரண மரக்கட்டை வடிவமும் இக்கடைசி வகையில்தான் சேரும். அது சுடுவது ஏஆர்-15 சுடும் அதே தோட்டாவை, அதே அரைத் தானியங்கி முறையில், கழற்றக்கூடிய மேகசினிலிருந்து. பார்க்க ஒரு பண்ணைத் துப்பாக்கிபோல இருக்கும். 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்றது அதுதான். கனடா 2020 மே மாதத்தில் ஏஆர்-15ஐயும் மினி-14ஐயும் ஒரே ஆணையில் தடுத்தது. தோற்றத்தை விட்டு இயக்கத்தைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

சாண்டி ஹுக் பள்ளிப் படுகொலை பற்றி எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளையும் ஆறு பள்ளி ஊழியர்களையும் கொன்ற ரைஃபிள், கனெக்டிகட்டின் 1993ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்துக்கு உட்பட்டு முறையாக வாங்கப்பட்டது. இரண்டு உறுப்பு என்ற கணக்கில் அது தேறியிருந்தது. மேகசின் கொள்ளளவுக்கு அம்மாநிலம் அப்போது வரம்பே வைக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் 154 தோட்டாக்கள் சுடப்பட்டன. கனெக்டிகட் 2013இல் ஒரு உறுப்பு போதும் என்று மாற்றி, பத்துத் தோட்டா வரம்பையும் சேர்த்தது.

அதே ஆண்டு ஜனவரியில் நியூயார்க் அவசரமாக இயற்றிய சட்டமோ சொற்பிழையோடு வந்தது. குழல்முனையின் உதைப்புத் தணிப்பானைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு அச்சிட்டதால் அந்தப் பகுதி தெளிவற்றது என்று மாவட்ட நீதிமன்றம் தள்ளியது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு மாநிலங்களின் தடைகளின் மையத்தை ஏற்றது. மேகசினில் ஏழு தோட்டாவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற நியூயார்க் விதியையும், ரெமிங்டன் 7615 மீது கனெக்டிகட் விதித்த தடையையும் மட்டும் நீக்கியது. 7615 கையால் இழுத்து இயக்கும் பம்ப் ரைஃபிள். தோற்றத்துக்காக மட்டுமே பட்டியலில் மாட்டிக்கொண்டது.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதில் வலு இருக்கிறது. பிஸ்டல் கைப்பிடியும் மடக்குக் கட்டையும் வெறும் ஒப்பனை அல்ல, வேகமாகச் சுடும்போது துப்பாக்கியை அடக்கிப் பிடிக்கவும் மறைத்துக் கொண்டுபோகவும் உதவுகின்றன என்பது அது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள். 2022 மே மாதம் பஃபலோவில் பத்துப் பேரைக் கொன்றவன், நியூயார்க் சட்டத்துக்கு ஏற்ப மேகசின் பூட்டப்பட்ட ரைஃபிளை வாங்கி, அந்தப் பூட்டை நீக்கிவிட்டான். உறுப்புகள் ஒப்பனைதான், ஆகவே சட்டமே செல்லாது என்று துப்பாக்கி உரிமைக்காரர்கள் சொல்லும்போது, முதல் பாதி ஓரளவு சரி. அதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவு தவறு. வரையறை தவறியதால் சட்டத்தின் நோக்கம் தவறாகிவிடாது.

பிஸ்டலின் கதை வேறு. தாக்குதல் பிஸ்டல் என்ற வகை குறுகலானது: மேகசின் கைப்பிடிக்கு வெளியே இருப்பது, குழல் முனையில் மரை இருப்பது போன்றவை. மேகசின் கைப்பிடிக்குள் போகும் சாதாரண பிஸ்டல் ஏறக்குறைய எல்லாத் தடைகளுக்கும் வெளியே நிற்கிறது. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்பு உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அதைத் தடுக்க வழியும் இல்லை. எஃப்பிஐயின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் கைத்துப்பாக்கியால் நிகழ்ந்த கொலைகள் 6,368. எல்லா வகை ரைஃபிள்களாலும் 364. துப்பாக்கியின் வகை குறிக்கப்படாத கொலைகள் வேறு. அன்றாடக் கொலையின் கருவியைத் தொட முடியாத சட்டம், திரள் கொலையின் கருவியையாவது சரியாக வரையறுக்க வேண்டாமா?

ரைஃபிளையும் பிஸ்டலையும் ஒருசேரத் தொடுவது மேகசின் வரம்புதான். ஹைலண்ட் பார்க் அணிவகுப்பில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இல்லினாய் 2023 ஜனவரியில் இயற்றிய சட்டம், நீள்துப்பாக்கிக்குப் பத்து, கைத்துப்பாக்கிக்குப் பதினைந்து என்று வகுத்தது. சுடுபவன் மேகசின் மாற்ற நிறுத்தும் நொடிகளில்தான் ஒருவர் ஓடித் தப்ப முடியும். என் நோக்கில் சட்டத்தின் அடித்தளம் அதுவாகவே இருக்க வேண்டும்.

மேரிலாந்துத் தடையை எதிர்த்த ஸ்னோப் வழக்கை 2025 ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்தது. அப்போது நீதிபதி கவனா தனியே எழுதிய குறிப்பில், 50 மாநிலங்களில் 41இல் ஏஆர்-15 சட்டப்படியானது என்று சுட்டினார். மிஞ்சிய ஒன்பதில் மேரிலாந்தும் ஒன்று. அங்கோ கனத்த குழல் ஏஆர்-15 சட்டப்படியே கிடைக்கிறது. பரவலான புழக்கத்தில் உள்ளதா என்பதை உரசுகல்லாகக் கொண்டு வழக்குகள் முடிவாகும் நாட்டில், எதை ஏஆர்-15 என்று எண்ணுவது என்பதே இன்னும் தீரவில்லை.

கொலராடோ 2025 ஏப்ரலில் வேறு வழியில் தொடங்கியது. மேகசினைக் கழற்றக்கூடிய அரைத் தானியங்கி ரைஃபிள் என்று இயக்கத்தை வைத்தே வரையறுத்து, 2026 ஆகஸ்ட் முதல் அதை வாங்குவோர் பயிற்சி பெற்றுத் தகுதி காட்ட வேண்டும் என்று விதித்தது. கைப்பிடி, தோள்கட்டை பற்றிய பேச்சே அதில் இல்லை. ஆனால் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறி வெளிவந்தபோது, சில துப்பாக்கிகளைப் பெயர் சொல்லி விலக்கும் பட்டியல் ஒன்றும் அதனோடு சேர்ந்தே வந்தது.