இருமுறை கேட்டல்: விரிவுரைப் பதிவும் கொல்லிமலை மாணவரும்

முன்னுரை

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கிருந்து பட்டப் படிப்புக்கு இறங்கி வருவோருக்கு எட்டும் கல்லூரிகளில் நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் இராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியும் அடங்கும். இரண்டும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. விடுதியில் இடம் கிடைத்த மாணவருக்குக் கவலையில்லை. கிடைக்காதவருக்கு ஒரு பேருந்து தவறினால் முதல் பாடவேளை போயிற்று. தை, மாசியில் வீட்டு மிளகைப் பறிக்க ஆள் போதாவிட்டால் ஒரு வாரமே போயிற்று. விரிவுரைகளைப் பதிந்து கொடுப்பது இவர்களுக்கு உதவுமா? உதவும். ஆனால் அந்த உதவியின் அளவைத் தீர்மானிப்பது, பதிவு எந்த வடிவில் மாணவர் கைக்கு வந்து சேர்கிறது என்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. நன்னூலின் கணக்கு

பாடம் கேட்கும் முறையைப் பவணந்தியார் நன்னூல் பொதுப்பாயிரத்தில் ஏறக்குறைய ஒரு கணக்காகவே வகுத்துள்ளார். இருமுறை கேட்டால் பிழை நீங்கும். மும்முறை கேட்டால் முறையறிந்து எடுத்துரைக்க வரும். ஆசிரியர் சொன்னதை முழுதும் வாங்கிக்கொண்டாலும் அது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் சேரும். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கு நிறையும்.

பதிவு குறித்து இன்று நிலவும் இரு தரப்பு வாதங்களுக்கும் இதில் விடை உண்டு. பதிவு இருந்தால் வகுப்பே வேண்டாம் என்போர் முக்காற்பங்கைக் கணக்கில் விட்டுவிடுகின்றனர். பதிவு மாணவரைச் சோம்பேறியாக்கும் என்போர் இரண்டாம் முறை கேட்பதன் தேவையை மறுக்கின்றனர். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து ஆங்கிலவழி வேதியியல் வகுப்பில் அமரும் மாணவிக்கு முதல் முறை காதில் விழுவன சொற்கள். பொருள் பிடிபட மறுமுறை கேட்டாக வேண்டும். வகுப்புக்கு நாள் தவறாமல் வருபவருக்கும் பதிவு தேவைப்படுவது இதனால்தான்.

2. காணொளியும் ஒலியும்

பதிவு நமக்குப் புதிதன்று. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் பாட ஒளிபரப்பைத் தொடங்கியது. பின்னர் ஐ.ஐ.டி.கள் என்.பி.டி.இ.எல். வழியாகவும், ஒன்றிய அரசு 2017இல் ஸ்வயம் தளம் வழியாகவும் விரிவுரைகளைப் பொதுவில் வைத்தன. இவை நாடு முழுமைக்குமானவை. மாணவர் எழுதும் பருவத் தேர்வோ தம் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை ஒட்டியது; அதைத் தம் ஆசிரியர் நடத்திய விதத்தில் மறுபடி கேட்பதற்கு இவை ஈடாகா.

கொரோனாக் காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9.69 லட்சம் கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல திட்டம்தான், எனினும் டவர் எட்டாத சிற்றூரில் டேட்டா கார்டால் பயனில்லை. எட்டும் இடத்திலும் கணக்கு இடிக்கிறது. நொடிக்கு 1.5 மெகாபிட் வீதம் ஓடும் 50 நிமிடக் காணொளி ஏறத்தாழ 560 எம்பி. ஐந்து பாடவேளைக்கு 2.8 ஜிபி. அதே விரிவுரையை நொடிக்கு 32 கிலோபிட் ஒலியாகப் பதிந்தால் 12 எம்பி போதும். ஒரு பருவத்தின் 90 வேலைநாள் விரிவுரைகள் முழுவதும் 5.4 ஜிபியில், அதாவது நகத்தளவு மெமரி கார்டு ஒன்றில், அடங்கிவிடும். இணையமே வேண்டாம், வெள்ளிக்கிழமை துறை அலுவலகத்தில் நகலெடுத்துக்கொண்டு மலையேறலாம். வளைவுகளில் பேருந்து திரும்பும்போது திரையைப் பார்த்தால் தலை சுற்றும். காதில் கேட்பதற்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒலி மட்டும் போதுமா என்ற மறுப்பு நியாயமானது. சமன்பாடும் வரைபடமும் காதால் விளங்குவன அல்ல. கரும்பலகையைத் துடைக்குமுன் எடுத்த நான்கைந்து படங்களைச் சேர்த்தால் பெரும்பாலான பாடங்களுக்குக் குறை தீரும். காணொளியைச் செய்முறை வகுப்புக்கு ஒதுக்கலாம்.

3. குரல் யாருடையது?

ஆசிரியர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1994இல் திருத்தப்பட்டபின், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோரோடு விரிவுரை ஆற்றுபவரையும் நிகழ்த்துநர் என ஏற்று உரிமை தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, கற்பித்தலுக்கென்றே நல்லெண்ணத்துடன் எடுக்கும் பதிவை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆகவே, தம் குரல் அடுத்த ஆண்டு தமக்குப் பதிலாக வகுப்பெடுக்குமோ என்று பணி நிரந்தரமற்ற கௌரவ விரிவுரையாளர் அஞ்சுவதைச் சட்டத்தைக் காட்டி மட்டும் போக்க முடியாது. பதிவு அந்த வகுப்புக்கு மட்டும் உரியது, தேர்வு முடிவு வந்ததும் அழிக்கப்படும், ஆசிரியர் ஒப்பாமல் மறுமுறை பயன்படாது என்று கல்லூரி எழுதிக் கொடுக்க வேண்டும்.

முடிவுரை

கல்லூரி செய்ய வேண்டியவை மூன்று: ஒலியை முதன்மையாக்குதல், இணையமின்றிப் பகிர்தல், ஆசிரியரோடு எழுத்து உடன்பாடு. நான்காவது, ஆசிரியர் கையில் உள்ளது. மறுநாள் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில், பதிவைக் கேட்டு வந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குப் பாடத்தை விளக்கட்டும். பேருந்தைத் தவறவிட்டவரும் அந்தப் பத்து நிமிடத்தில் விளக்குபவராக முடியுமானால், நன்னூல் சொன்ன அரைப் பங்கு அவருக்கும் கிடைக்கும்.